காலியாக உள்ளது

"இன்னைக்கு எந்த ஊரு சார்?"

சனிக்கிழமை மதியம் தஞ்சை பழைய பேருந்து நிலையத்தில் என்னைப் பார்த்தால் டீக்கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி இது. ஊர்ப் பெயரைச் சொல்வேன். "அங்க என்ன விசேஷம்? கல்யாணமா, கோயிலா?" என்பார். "பசங்க ஃபுட்பால் ஆடுறாங்க, பார்க்கப் போறேன்" என்பேன். "பேரப்பிள்ளை ஆடுதா?" என்று கேட்டார் ஒரு நாள். "இல்லப்பா, யாரோ பசங்க" என்றேன். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. சர்க்கரை மட்டும் அரைக் கரண்டி கூடப் போட்டுக் கொடுத்தார். மனசு சரியில்லாதவர்களுக்கு அவர் அப்படித்தான் செய்வது வழக்கம்.

என் மனசு நன்றாகத்தான் இருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வாய்த்த பழக்கம் இது. டெல்டாவில் எந்த ஊரில் கால்பந்து ஆடுகிறார்கள் என்று கேள்விப்பட்டாலும் பஸ் ஏறிப் போய், மைதானத்து ஓரத்தில் நின்று ஓர் ஆட்டம் பார்த்துவிட்டு வருவேன். ஆறு வருஷத்தில் நாற்பத்து மூன்று மைதானங்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் எழுதி வைத்திருக்கிறேன். ஊர், தேதி, போன பஸ், யாருக்கும் யாருக்கும் ஆட்டம், கோல் கம்பம் இரும்பா மூங்கிலா, நிழல் உண்டா, குடிக்கத் தண்ணீர் உண்டா. அவ்வளவுதான்.

இதையே நான் கோயில் என்று சொல்லியிருந்தால் யாரும் என்னை விசித்திரமாகப் பார்த்திருக்க மாட்டார்கள். நம் பக்கத்தில் பணி ஓய்வு பெற்றவர்களில் பாதிப் பேர் கையில் ஒரு பட்டியல் இருக்கும். தேவாரப் பாடல் பெற்ற தலங்கள் பழைய கணக்கில் 274, இப்போது 276 என்கிறோம். பழைய கணக்குப்படி காவிரிக்கு வடகரையில் 63, தென்கரையில் 127, ஆக 190 தலங்கள் நம் சோழநாட்டிலேயே இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் போய், பட்டியலில் கோடு போட்டுக்கொண்டே வருவது நமக்குப் புதிதல்ல.

அதை முடித்தவர்களில் சிலர் அடுத்து வைப்புத் தலங்களுக்குப் போவார்கள். தனக்கென்று பதிகம் இல்லாமல், வேறொரு தலத்துப் பதிகத்தின் நடுவில் பெயர் மட்டும் வந்துபோகிற ஊர்கள் அவை. அங்கே கூட்டம் இருக்காது. பல இடங்களில் குருக்களைத் தேடி வீட்டுக்குப் போக வேண்டும். அவரும் சைக்கிளை எடுத்துக்கொண்டு சாவியோடு வருவார். "எங்கேருந்து வரீங்க?" என்று கேட்பதில் ஒரு சந்தோஷம் தெரியும். நான் போகும் மைதானங்கள் கால்பந்தின் வைப்புத் தலங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பழக்கம் எனக்கு இங்கிலாந்தில் தொற்றியது. மகள் வீட்டில் மூன்று மாதம் தங்க ஷெஃபீல்டு போயிருந்தேன். குளிரில் வெளியே போக முடியாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னை, ஒரு சனிக்கிழமை மாப்பிள்ளை "வாங்க மாமா, ஒரு இடம் காட்டுறேன்" என்று அழைத்துப் போனார். பெரிய ஸ்டேடியமாக இருக்கும் என்று நினைத்தேன். போய் நின்றது வீடுகளுக்கு நடுவே ஒரு சின்ன மைதானம். ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். ஹாலம் என்ற உள்ளூர்க் கழகத்தின் சாண்டிகேட் மைதானம் அது. 1860 டிசம்பர் 26 அன்று அங்கே ஆட்டம் நடந்திருக்கிறது. உலகின் மிகப் பழைய கால்பந்து மைதானம் என்று கின்னஸ் புத்தகம் ஏற்றுக்கொண்ட இடம்.

அங்கே என் பக்கத்தில் நின்ற பெரியவருக்கு என் வயதுதான் இருக்கும். அந்த ஊர்க்காரர் இல்லை, ரயிலேறி வந்தவர். கையில் என்னுடையதைப் போலவே ஒரு நோட்டு. அப்போதுதான் தெரிந்தது, அந்த நாட்டில் இது ஒரு பெரிய கூட்டம் என்று. அங்கே முதல் நான்கு பிரிவுகளில் 92 கழகங்கள். அந்த 92 மைதானங்களையும் பார்த்து முடித்தவர்களுக்கென்று 1970களிலிருந்து ஒரு சங்கமே இருக்கிறது. அதையும் முடித்தவர்கள் கீழே இறங்கி, லீக்கில் சேராத நூற்றுக்கணக்கான சின்னக் கழகங்களின் மைதானங்களைத் தேடிப் போகிறார்கள். பெரியவர் போவது அந்த வகை.

"பெரிய மைதானத்துக்கு நான் போகாவிட்டால் யாருக்கும் தெரியாது. இங்கே நான் வராவிட்டால் டிக்கெட் கொடுப்பவருக்குத் தெரியும்" என்று அவர் சொன்னதாக மாப்பிள்ளை எனக்குத் தமிழில் சொன்னார்.

சின்ன மைதானம் என்றால் மட்டம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. சுதந்திர இந்தியாவின் கால்பந்து அணி ஆடிய முதல் ஒலிம்பிக் ஆட்டம், 1948 ஜூலை 31 அன்று, லண்டனை ஒட்டிய இல்ஃபோர்டு என்ற ஊரின் ஒரு சிறிய மைதானத்தில்தான் நடந்தது. எதிரணி பிரான்ஸ். நம்மவர்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடினார்கள். கிடைத்த இரண்டு பெனால்டிகளையும் வீணடித்து 2-1 என்று தோற்றோம். நமக்காக விழுந்த அந்த ஒரு கோலை அடித்தவர் பெயர் சாரங்கபாணி ராமன். பெயரைக் கேட்டால் கும்பகோணத்துக்காரர் போலிருக்கும். மைசூர்ப் பக்கத்து ஆட்டக்காரர். சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோலைப் பார்த்தவர்கள், உள்ளூர் மைதானத்தின் ஓரத்தில் நின்ற சாதாரண ஜனங்கள்.

ஊர் திரும்பியதும் நம் பக்கத்தில் இப்படி என்ன இருக்கிறது என்று தேட ஆரம்பித்தேன். தேடியபோதுதான் நம் மண்ணில் ஒரு மைதானம் கிடைப்பது எவ்வளவு அரிது என்று உறைத்தது.

டெல்டாவில் சும்மா கிடக்கும் நிலம் என்று ஒன்று கிடையாது. வயல் இல்லையென்றால் வாய்க்கால், வாய்க்கால் இல்லையென்றால் வரப்பு, அதுவும் இல்லையென்றால் வீடு. ஒரு முழு அளவுக் கால்பந்து மைதானம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். நம் கணக்கில் ஒன்றே முக்கால் ஏக்கர், அதாவது சுமார் ஐந்தேகால் மா. மாவுக்குப் பத்து மூட்டை கண்டாலும் ஐம்பது மூட்டைக்கு மேல் நெல் விளையும் இடம். அதை எந்த ஊர் பந்து உதைக்க விட்டுக்கொடுக்கும்?

அதனால்தான் இங்கே எழுவர் ஆட்டம் தழைத்திருக்கிறது என்பது என் எண்ணம். பக்கத்துக்கு ஏழு பேர், சின்ன கோல் கம்பம், ஏறக்குறைய இரண்டு மா இடம் போதும். கேரளத்தில் மலப்புறம் பக்கம் இதை ஒரு திருவிழாவாகவே நடத்துகிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்தெல்லாம் ஆட்டக்காரர்கள் வருகிறார்கள். ஆனால் அகில இந்தியச் சம்மேளனத்தின் முறையான போட்டி வரிசையில் எழுவர் ஆட்டத்துக்கு இடமில்லை. சுருக்கமாகச் சொன்னால் பதிகம் கிடைக்காத ஆட்டம்.

அந்த இரண்டு மா இடம் எங்கே கிடைக்கிறது? பள்ளிக்கூட மைதானம் ஒன்று. நெல்லடித்துக் காய வைத்த களத்துமேடு ஒன்று. கோயில் திடல் ஒன்று. திடல் என்பது நம் ஊர் வார்த்தை. நான்கு பக்கமும் நன்செய், நடுவில் தண்ணீர் ஏறாத மேட்டு நிலம், அதுதான் திடல். சிங்கப்பூர், மலேசியத் தமிழர்கள் விளையாட்டு மைதானத்தை இன்றும் திடல் என்றே சொல்கிறார்கள். நாம் மைதானத்துக்கு மாறிவிட்டோம். வார்த்தை அங்கே பத்திரமாக இருக்கிறது, இங்கே இடமும் போய்க்கொண்டிருக்கிறது.

"அறுவடை முடிந்த வயலில் ஆடலாமே" என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். நம்மவர்களுக்குத் தெரியும், அது அவ்வளவு சுலபமில்லை. சம்பா அறுப்பு தை, மாசியில். அறுப்புக்குப் பத்து நாள் முன்பே ஈரத்தில் உளுந்தோ பயறோ தெளித்துவிடுவது பழைய வழக்கம். அப்படியானால் பங்குனி வரை வயலில் கால் வைக்க முடியாது. இப்போது அறுவடை மிஷின் வந்த பிறகு உளுந்து தெளிப்பது குறைந்திருக்கிறது. ஆனால் ஈர வயலில் மிஷினின் சங்கிலிச் சக்கரம் ஓடிய தடம் காய்ந்து முழங்காலளவு பள்ளமாக நிற்கும். சித்திரையில் களிமண் பாளம் பாளமாக வெடித்துவிடும். வெடிப்பில் கால் மாட்டினால் கணுக்கால் போயிற்று. வைகாசி முடிந்தால், மேட்டூரில் தண்ணீர் இருக்கும் வருஷமாக இருந்தால், ஜூன் 12 அன்று அணை திறந்துவிடுவார்கள், குறுவைக்கு உழவு ஆரம்பித்துவிடும். ஆகக் கூடி வயலை மைதானமாகப் பயன்படுத்த ஒரு மாதம் கிடைத்தால் அதிகம். அந்த ஒரு மாதத்துக்காகப் பையன்கள் நாலு நாள் குனிந்து தாள்களை மண்வெட்டியால் செதுக்கி, வெடிப்பில் மண் போட்டு நிரப்புவதைப் பார்த்திருக்கிறேன். அந்த வேலையைக் கூலிக்குச் செய்யச் சொன்னால் செய்ய மாட்டார்கள்.

டெல்டாவின் தெற்கு ஓரத்தில் கதை வேறு. பட்டுக்கோட்டையைத் தாண்டி அதிராம்பட்டினம் போய்ப் பாருங்கள். உப்பளமும் கடலும் பக்கத்தில். நஞ்சைக்கு அங்கே இந்த அளவு நெருக்கடி இல்லை. கால்பந்து என்றால் அந்த ஊருக்கு உயிர். ஊரில் உள்ள கழகங்கள் கோடையில் தொடர்போட்டி நடத்துகின்றன. பல மாவட்டங்களிலிருந்து அணிகள் வருகின்றன. மைதானத்தைச் சுற்றி நாலு வரிசை ஜனம். மைக்கில் ஒருவர் விடாமல் வர்ணனை. மாலைத் தொழுகைக்கு முன் முடிந்துவிட வேண்டும் என்பதால் ஆட்டம் ஒரு நிமிஷம் பிந்தாது. வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்தவர்கள், போன வருஷம் யார் எந்தக் கோலை விட்டான் என்பதைத் தேதியோடு சொல்கிறார்கள். ஒருவரையொருவர் "காக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடிக்கொண்டிருந்த கூட்டத்தில், புதுமுகமாக நின்ற எனக்கு ஒரு பையன் நாற்காலி கொண்டுவந்து போட்டான். "உக்காருங்க சார், கால் வலிக்கும்." அந்த நாற்காலி எங்கிருந்து வந்தது என்று திரும்பிப் பார்த்தேன். பரிசுக் கோப்பை வைத்திருந்த மேஜைக்குப் பின்னாலிருந்து.

இதுவரை படித்தவர்கள், ஓய்வு பெற்றவனுக்குப் பொழுது போகிறது, நல்லதுதானே என்று நினைக்கலாம். நான் போவதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுதி என்ன பயன்?

நான் வருவாய் ஆய்வாளராக வேலை பார்த்தவன். எந்த வட்டம், எந்த ஊர் என்பது வேண்டாம். முப்பது வருஷத்துக்கு முந்தைய கதை. ஒரு கிராமத்தில் சமுதாயக் கூடமும் அதை ஒட்டி ஒரு கிடங்கும் கட்ட இடம் தேவைப்பட்டது. புறம்போக்கு நிலம் ஒன்றைச் சொன்னார்கள். நேரில் பார்த்து அறிக்கை கொடுக்க வேண்டியது என் வேலை. காலை பதினோரு மணிக்குப் போனேன். வெயிலில் ஒரு பொட்டல். இரண்டு ஆடுகள். இரு முனைகளிலும் இரண்டிரண்டு மூங்கில் கழிகள் நட்டிருந்தன. அது என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் படிவத்தில் அதற்கு ஒரு பத்தி கிடையாது. "மேற்படி புல எண்ணில் கண்ட இடம் காலியாக உள்ளது. ஆக்கிரமிப்பு ஏதுமில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

எழுதியதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. பதினோரு மணிக்கு அந்த இடம் காலியாகத்தான் இருந்தது. பையன்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள்.

கூடம் கட்டினார்கள். ஊருக்கு அது தேவையும்தான். அங்கே எத்தனையோ கல்யாணங்கள் நடந்திருக்கும். நாலைந்து வருஷம் கழித்து வேறு வேலையாக அந்த ஊருக்குப் போனபோது ஒரு இளைஞன் வந்து நின்றான். "சார், நீங்கதானே வந்து அளந்துட்டுப் போனீங்க?" என்றான். கோபமில்லை, அடையாளம் கேட்பது போலத்தான் கேட்டான். ஆமாம் என்றேன். "நாங்க அங்கதான் சார் ஆடுவோம்" என்றான். அதற்கு நான் என்ன பதில் சொல்ல? இப்போது எங்கே ஆடுகிறீர்கள் என்று கேட்டேன். "இப்ப ஆடுறதில்ல சார்."

இந்த "இப்ப ஆடுறதில்ல" என்ற பதிலை இந்த ஆறு வருஷத்தில் எத்தனையோ ஊர்களில் கேட்டுவிட்டேன். எங்கும் வில்லன் கிடையாது. ஓர் ஊரில் மைதானத்தின் மேல் தண்ணீர்த் தொட்டி நிற்கிறது. தண்ணீர் வேண்டாமா? ஓர் ஊரில் அங்கன்வாடி. குழந்தைகளுக்கு வேண்டாமா? பல ஊர்களில் கொள்முதல் நிலையத்தின் நெல் மூட்டைகள் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு அடுக்கியிருக்கின்றன. நெல்லை எங்கே வைப்பது? ஒவ்வொன்றும் நியாயம். நியாயமான காரியங்களுக்காகத்தான் எல்லா மைதானங்களும் போயின. ஏனென்றால் ஊரில் "காலி இடம்" எது என்ற கேள்வி வந்தால் எல்லோர் கையும் ஒரே பக்கம்தான் நீளும்.

என் அபிப்பிராயம் இதுதான். மைதானம் காலி இடம் அல்ல. சாயங்காலம் நாலரை மணிக்கு மட்டும் நிரம்புகிற இடம். கோயிலும் உச்சிகாலத்துக்குப் பிறகு நடை சாத்திக் காலியாகத்தானே இருக்கிறது? அதை யாராவது காலி இடம் என்று எழுதுவார்களா? கோயிலுக்குப் பெரியவர்கள் போகிறோம், அதனால் அது கணக்கில் இருக்கிறது. மைதானத்துக்குப் பையன்கள் மட்டும் போகிறார்கள், அதனால் அது கணக்கில் இல்லை. நரைத்த தலை நாலு அங்கே தினமும் தெரிந்தால், அந்த இடத்தை அவ்வளவு சுலபமாக யாரும் கேட்க மாட்டார்கள்.

பார்க்க வருகிறவர்களால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். லண்டனில் விம்பிள்டன் என்ற கழகத்தை வேறு நகரத்துக்குக் கொண்டுபோக 2002இல் அனுமதி கொடுத்தார்கள். பார்வையாளர்கள் கூடிப் புதிதாக ஒரு கழகம் தொடங்கினார்கள். ஒன்பதாம் படியில் சின்ன மைதானத்தில் ஆரம்பித்து, 2011இல் அந்த 92 கழகங்களில் ஒன்றாக ஏறிவிட்டார்கள். ஓரத்தில் நின்று பார்த்தவர்கள் செய்த காரியம் அது.

சில ஆட்சேபங்களும் வரும். முதலாவது, இப்போது பையன்கள் கைபேசியை விட்டு எழுந்திருப்பதே இல்லையே என்பது. நான் போன ஊர்களில் இடம் இருந்தால் பையன்கள் இருந்தார்கள். இடமில்லாத ஊர்களில்தான் கைபேசி இருந்தது. இரண்டாவது, டவுனில் செயற்கைப் புல் போட்ட டர்ஃப் வந்துவிட்டதே என்பது. வந்திருக்கிறது, நன்றாகவும் இருக்கிறது. மணிக்கு இவ்வளவு என்று வாடகை. பத்துப் பேர் பங்கு போட்டுக் கொடுக்க முடிந்தவர்கள் ஆடலாம். களத்துமேட்டில் ஆடுகிற பையனிடம் பந்துக்கே காசு கிடையாது. நாலு பேர் சேர்ந்து வாங்கிய பந்தில் தையல் விட்டுப்போன இடத்தில் சைக்கிள் டியூப் ஒட்டியிருக்கும்.

மூன்றாவது, நான் பார்த்துச் சங்கடப்பட்ட விஷயங்கள். அவற்றை மறைக்கக் கூடாது. நாற்பத்து மூன்றில் பெண் பிள்ளைகள் ஆடிப் பார்த்தது மூன்றே மூன்று இடத்தில், மூன்றும் பள்ளிக்கூட மைதானம். தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018இலும் 2023இலும் தேசிய சாம்பியன் பட்டம் வென்ற அணி. இந்தியாவுக்கு ஆடிய இந்துமதி நமக்குப் பக்கத்துக் கடலூர்க்காரர். அப்படியிருக்க, நம் ஊர் மைதானத்தில் ஒரு விளக்கும் ஒரு கழிப்பறையும் இல்லாததால் எத்தனை பேர் ஆடாமலே போயிருப்பார்கள்?

இன்னொன்று, மைதானம் யாருடையது என்பது. சில ஊர்களில் திடல் ஒரு தெருவுக்கு மட்டும் சொந்தம் போல நடக்கிறது. காலனிப் பிள்ளைகள் வேறு இடம் தேடி வாய்க்கால் கரையில் ஆடுகிறார்கள். அப்படிப்பட்ட ஓர் ஊரில், வெளியூர் அணியை ஜெயிக்க ஆள் போதவில்லை என்று வாய்க்கால் கரையிலிருந்து இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டதைப் பார்த்தேன். ஜெயித்தார்கள். அடுத்த வருஷமும் அந்த இருவர் ஆடினார்கள், கூட இன்னும் ஒருவன். இதனால் ஊர் மாறிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த மூன்று பேர் அந்தத் திடலில் கால் வைக்க வேறு வழி எதுவும் அதற்கு முன் இருந்ததில்லை. அந்த இடமும் போய்விட்டால் இந்த வழியும் போய்விடும்.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று குறை சொல்லவும் நான் தயாரில்லை. 2006இல் வந்த அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் நூலகத்தோடு விளையாட்டு இடமும் சேர்ந்தே வந்தது. 2024இல் மாநிலத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் விளையாட்டு உபகரணங்கள் தரும் திட்டம் தொடங்கியது. முதலமைச்சர் கோப்பையில் மாவட்ட அளவில் கால்பந்தும் இருக்கிறது. பந்து வருகிறது, வலை வருகிறது. அதை வைத்து ஆட இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் நாம்தான்.

ஆகவே என் வயதுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு சனிக்கிழமை, உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ, நாலரை மணிக்குப் போய் நில்லுங்கள். எங்கே ஆட்டம் என்று டீக்கடையிலும் சலூனிலும் கேட்டால் தெரியும், ஃப்ளெக்ஸ் கட்டியிருப்பார்கள். கையோடு தண்ணீர் பாட்டிலும், முடிந்தால் மடக்கு ஸ்டூலும் எடுத்துக்கொள்ளுங்கள். நன்கொடைச் சீட்டு நீட்டினால் நூறு ரூபாய் கொடுங்கள். எப்படி ஆட வேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொடுக்காதீர்கள். அந்தத் தப்பை நான் ஒரு தடவை செய்தேன். "நீங்க எந்த டீம்ல ஆடினீங்க தாத்தா?" என்று கேட்டுவிட்டான்.

இரண்டாவது வேண்டுகோள் கொஞ்சம் பெரியது. இப்போது வருஷத்துக்கு ஆறு தடவை கிராம சபை கூடுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அதில் ஒன்றுக்குப் போங்கள். போகுமுன் உங்கள் ஊர்ப் பையன்கள் ஆடும் இடத்தின் புல எண் என்ன, பதிவேட்டில் என்ன பெயரில் இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பல ஊர்களில் அது களம், மேய்ச்சல் என்று ஏதாவது ஒரு புறம்போக்காகத்தான் இருக்கும். "இந்தப் புல எண்ணில் உள்ள இடம் ஊரின் விளையாட்டுத் திடலாகப் பயன்பாட்டில் உள்ளது, அவ்வாறே தொடர வேண்டும்" என்று ஒரு தீர்மானம் கொண்டுவரச் சொல்லுங்கள். இதனால் மட்டும் இடம் பிழைத்துவிடும் என்று உத்தரவாதம் கிடையாது. ஆனால் நாளை என்னைப் போல ஒருவர் காலை பதினோரு மணிக்குப் படிவத்தோடு வந்து நிற்கும்போது, "காலியாக உள்ளது" என்று எழுத அவர் பேனா கொஞ்சம் தயங்கும். ஒரு காகிதத்தை இன்னொரு காகிதம்தான் தடுக்கும். முப்பத்தைந்து வருஷம் காகிதத்தோடு வாழ்ந்தவன் சொல்கிறேன்.

நான் அறிக்கை எழுதிய அந்த ஊருக்கு இந்த ஆறு வருஷத்தில் போகவில்லை. நோட்டில் அதற்கு ஒரு பக்கம் விட்டு வைத்திருக்கிறேன். போன மாதம் அந்தப் பக்கத்துக்காரர் ஒருவர், சமுதாயக் கூடத்துக்குப் பின்னால் மிச்சமிருந்த துண்டு நிலத்தில் இப்போது சின்னப் பையன்கள் பக்கத்துக்கு நாலு பேராக ஆடுகிறார்கள் என்று சொன்னார். வருகிற சனிக்கிழமை போகலாமென்றிருக்கிறேன்.

டீக்கடைக்காரரிடம் இதைச் சொன்னேன். தானும் ஒரு நாள் வருவதாகச் சொல்லியிருக்கிறார். கடையை யார் பார்த்துக்கொள்வது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.